மருத்துவர் எடுத்த துப்பாக்கி

1896 ஜூனில் பிலிப்பைன்ஸின் டாப்பிட்டான் ஊருக்குப் பார்வையிழந்த ஒருவரை அழைத்துக்கொண்டு டாக்டர் பியோ வாலென்சுவேலா போனார். அங்கே நாடுகடத்தி வைக்கப்பட்டிருந்த கண் மருத்துவர் ஹோசே ரிசாலிடம் வைத்தியம் பார்க்க என்று பெயர். உண்மையில் காட்டிபுனான் என்ற ரகசிய இயக்கத்துக்காக ஒரு கேள்வி கேட்கத்தான் போனார். ஸ்பெயினை எதிர்த்து ஆயுதம் எடுக்கலாமா? ஆயத்தமில்லாத கிளர்ச்சி வேண்டாம் என்றார் ரிசால். ஆகஸ்டில் கிளர்ச்சி வெடித்தது. வேண்டாம் என்றவரையே டிசம்பர் 30 அன்று ஸ்பெயின் சுட்டுக் கொன்றது.

அதே கேள்வி 1943-இல் சிங்கப்பூரில் இன்னொரு மருத்துவர் முன்னால் வந்து நின்றது. லட்சுமி சுவாமிநாதனின் தாய்வீடு பாலக்காடு மாவட்டத்து ஆனக்கரை வடக்கத்து வீடு. தந்தை சென்னையில் வழக்கறிஞர். 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1940-இல் சிங்கப்பூர் போனவர், ஏழைத் தமிழ்க் கூலிப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்க்கும் இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்க சுபாஷ் சந்திர போஸ் வந்த சில நாள்களில், .303 துப்பாக்கி தாங்கிய சுமார் 20 பெண்களை அணிவகுக்க வைத்து அவருக்கு மரியாதை செய்தார். பிறகு அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றார்.

காயம் எந்தப் பக்கத்தது என்று மருத்துவர் கேட்கக் கூடாது என்பது பழைய அறம். ஆனால் அதே 1943-இல் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்சியே நோயாகிப்போன இடத்தில் மருந்துப் பெட்டி மட்டும் என்ன செய்யும்? அந்த அளவில் லட்சுமியின் முடிவில் நியாயம் இருக்கிறது.

துப்பாக்கியைவிட, போஸின் படைக்குத் துணை நின்ற கூட்டாளியான ஜப்பான்தான் கடினமான கேள்வி. 1942-இல் சிங்கப்பூர்ச் சீனர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது ஜப்பானிய ராணுவம். மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் மரம் சீவிய தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போனதும் அதே ராணுவம்தான். காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் மடிந்தார்கள். ஜான்சி ராணி படையில் சேர்ந்த பெண்களில் பலர் அதே தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். எதிரி செய்த கொலையைக் கண்டு கொதித்த மருத்துவ மனசாட்சி, தோழன் செய்த கொலையையும் அதே கண்ணால் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால், முதல் கொதிப்பின் நியாயமும் குறைந்துபோகிறது.

லட்சுமிக்கு எதிராக மட்டும் இதைச் சொல்வது அநியாயம். அந்தப் படைப் பெண்கள் போர்முனைத் தாக்குதலில் இறக்கப்படவே இல்லை. விடுதலைக்குப் பின் கான்பூரில் முதிய வயதுவரை அவர் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1984-இல் விஷவாயு தாக்கிய போபாலுக்கு மருத்துவக் குழுவுடன் போனார். 2012-இல் 97 வயதில் இறந்தபோது, விரும்பியபடியே உடல் மருத்துவக் கல்லூரிக்குத் தரப்பட்டது.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அந்த ரயில் பாதையில் மாண்ட நேசநாட்டுச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே செத்த தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை.