சுவரில் கை

வாரநாள் பிற்பகல். பினாங்கு, ஃபார்குவார் தெரு, செயின்ட் ஜார்ஜ் ஆலயம். உள்ளே யாரும் இல்லை.

பெஞ்சு மரத்தின் குளிர்ச்சி முதுகில் ஏறுகிறது.

மூச்சு வருகிறது. போகிறது. வரவழைப்பது நான் இல்லை.

வெளியே ஒரு லாரி போகிறது. அது போன பிறகு அமைதி இன்னும் கொஞ்சம் ஆழத்தில் கிடக்கிறது.

கடவுள் இருக்கிறார் என்பதற்கு என்ன காரணம்? நேற்று இரவு மகள் கேட்டது. சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். கேள்வி அங்கேயே, தட்டுகளுக்கு நடுவே இருந்தது.

தாமஸ் அக்குவினாஸ், 13ஆம் நூற்றாண்டு. அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன ஐந்து வழிகள். அசைகிற எதையும் வேறொன்று அசைக்கிறது. முதலில் அசைத்தது எது. இளவயதில் ஐந்தையும் வரிசையாகச் சொல்வேன். இன்றும் அவற்றின் மேல் மரியாதை குறையவில்லை.

அம்மா நோயில் கிடந்த இரவில், கட்டிலருகே ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

பஞ்சை நனைத்து அவள் உதட்டில் வைத்தேன். நா வறண்டிருந்தது. மறுபடியும் நனைத்தேன். சிலுவையிலும் ஒரு நா வறண்டது. அந்த இரவில் தெரிந்தது அவ்வளவுதான். போதுமாயிருந்தது.

ஒரு எறும்பு பாட்டுப் புத்தகத்தின் விளிம்பைச் சுற்றி வருகிறது. முனையில் நிற்கிறது. திரும்புகிறது.

எழுந்து சுவரோரம் போகிறேன். கை வைக்கிறேன்.

பூச்சில் நகக்கண் அளவு ஒரு குழி. அதிலிருந்து மயிரிழைபோல ஒரு பிளவு, ஜன்னலை நோக்கி. எத்தனை முறை பூசிய சுவரோ. அடியில் பழைய செங்கல்.

1818இல் கட்டி முடித்த ஆலயம். கட்டியவை கைதிகளின் கைகள். இந்தியாவிலிருந்து தீவாந்தரம் அனுப்பப்பட்டவர்கள். முதலில் மதராஸ் பாணியில் தட்டைக் கூரை. 1864இல் சரிவுக் கூரை. இந்த ஊர் மழை அப்படி.

கல் சுமந்தவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. யாரைக் கும்பிட்டுவிட்டு அன்றைய வேலையைத் தொடங்கினார்களோ. ஊரில் யார் காத்திருந்தார்களோ.

பிடிபட்டு, விலங்கிடப்பட்டு, இரண்டு குற்றவாளிகளின் நடுவே, ஊருக்கு வெளியே செத்த ஒருவரை இந்தச் சுவர்களுக்குள் ஆண்டவர் என்று அழைக்கிறோம்.

கைதிகள் எழுப்பிய சுவர்கள்.

கை அங்கேயே இருக்கிறது.

உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிற கடவுளை என்னால் நம்ப முடிந்திருக்காது. இது நிரூபணம் ஆகாது. என்னிடம் இருப்பது இது.

அம்மன் கோயிலும் மசூதியும் இதே பக்கத்தில், நடக்கும் தூரத்தில். பக்கத்து குவான் யின் கோயில் ஊதுபத்தி வாசனை காற்றோடு வருகிறது. அங்கேயும் இப்போது யாரோ கண்ணை மூடி நிற்கிறார்கள். அதை நினைக்கும்போது நெஞ்சில் எதுவும் இறுகவில்லை.

மகளை இங்கே கூட்டிவரலாம். சுவரைத் தொட்டுப் பார் என்று சொல்லலாம்.

சொல்லாமலும் இருக்கலாம்.

வெளிச்சம் மங்குகிறது. ஜன்னல் கதவு ஒருமுறை அடித்துக்கொள்கிறது.

கூரையில் மழை விழத் தொடங்குகிறது. முதல் துளிகளை எண்ண முடிகிறது.