கொடையாளிக்கு ஒரு மெழுகுவர்த்தி

டிசம்பர் கடைசி வாரமும் பொங்கல் விடுமுறையும் பாளையங்கோட்டையில் பழைய மாணவர்களின் காலம். துபாயிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் ஊர் வந்தவர்கள் பள்ளி மைதானத்தில் கூடுகிறார்கள். ஒரே நிறத்தில் டி-ஷர்ட், ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, மதியம் பிரியாணி, மரத்தடியில் குரூப் போட்டோ. சாயங்காலத்துக்குள் ஒரு தொகையும் பேசி முடிக்கப்படும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வராந்தாவில் புதிதாக ஒரு குடிநீர் இயந்திரம் நிற்கும். இன்ன ஆண்டு மாணவர்கள் உபயம் என்று அதன் நெற்றியில் எழுதியிருக்கும்.

விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவரும் பையனுக்கு அந்தத் தண்ணீர் பெரிய காரியம். இருந்தாலும், 1880-களிலிருந்து சேசு சபையார் நடத்திவரும் தூய சவேரியார் பள்ளி போன்ற ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கு இந்தக் கொடை வரும்போது, கூடவே ஒரு சமயக் கேள்வியும் வருகிறது. பழைய மாணவர் தருவது பட்ட கடனைத் தீர்ப்பதா, தருமமா, அல்லது வேறொன்றா? வள்ளுவர் செய்ந்நன்றியறிதலை 11-ஆம் அதிகாரத்திலும், ஒப்புரவறிதலை 22-லும், ஈகையை 23-லும் வைத்தார். பெற்ற உதவியை மறவாதிருப்பது ஒன்று. ஊருக்குப் பயன்பட வாழ்வது இன்னொன்று. இல்லாதவருக்குக் கொடுப்பது மற்றொன்று. படித்த பள்ளிக்குத் தரும் பணம் இந்த மூன்று வாசலிலும் நிற்கிறது. எந்த வாசல் வழியே உள்ளே போகிறது என்பதைப் பொறுத்து அதன் குணமே மாறிவிடும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினாஸ் நன்றியைப் பற்றி விரிவாக எழுதினார். வாங்கிய அளவுக்கே திருப்பித் தந்தால் கணக்கு நேராகிறது, அவ்வளவுதான். அதற்கு மேலும் தர முயல்வதே நன்றி என்பது அவர் கருத்து. உதவி பெற்ற கையோடு அவசரமாகத் திருப்பிக் கொடுத்துவிடத் துடிப்பதையும் அவர் நல்லதாக எண்ணவில்லை. ரோமானியச் சிந்தனையாளர் செனெக்காவைத் துணைக்கு அழைத்து, அப்படித் துடிப்பவர் உதவியைக் கடனாகத்தான் பார்க்கிறார் என்று காட்டினார். பள்ளியில் இது இன்னும் தெளிவு. பள்ளி விட்ட பிறகும் உட்கார்ந்து அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு எதைத் திருப்பித் தருவது? மாணவருக்கு வசதி வரும்போது ஆசிரியர் பல நேரம் உயிரோடு இருப்பதில்லை. பாடம் கொடுத்தவரிடம் அந்தப் பணம் போய்ச் சேர வழியில்லை. அதே பெஞ்சில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் அது போய்ச் சேரும். அந்தப் பிள்ளை இவருக்கு யாரோ. அவன் இவருக்கு எந்த உதவியும் செய்ததில்லை.

கொடுத்தவருக்குப் பள்ளி என்ன கைம்மாறு செய்ய வேண்டும் என்பதைச் சேசு சபை தொடக்கத்திலேயே யோசித்து எழுதிவைத்தது. சபையின் முதல் பெரிய பள்ளி 1548-ல் சிசிலித் தீவின் மெசினா நகரில் தொடங்கியது. மாணவர்களிடம் காசு வாங்குவதில்லை என்பதில் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் உறுதியாக இருந்தார். செலவுக்கு அரசரோ, ஊர் ஆட்சியோ, செல்வரோ நிலமும் நிதியும் தந்து ஸ்தாபகர் ஆனார்கள். சபையின் அமைப்புச் சட்டத்தில் நான்காம் பகுதி கல்வியைப் பற்றியது. அது பாடத்திட்டத்தோடு தொடங்கவில்லை. கொடையாளிகளுக்கான நன்றியோடு தொடங்குகிறது. அவர்களுக்காகத் திருப்பலிகள் ஒப்புக்கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருநாள் ஸ்தாபகருக்கோ அவருடைய உறவினருக்கோ ஒரு மெழுகுவர்த்தி வழங்க வேண்டும். அதில் அவருடைய குலச் சின்னமும் இருக்கலாம். அதற்கு ஒரு விளக்கமும் உண்டு. இந்த மெழுகுவர்த்தி நன்றியின் அடையாளம் மட்டுமே. கல்லூரியின் மீதோ அதன் சொத்தின் மீதோ கொடையாளிக்கும் வாரிசுகளுக்கும் எந்த உரிமையும் இதனால் வராது.

பரிவட்டமும் முதல் மரியாதையும் எத்தனை வழக்குகளுக்கும் வெட்டுக்குத்துகளுக்கும் காரணமாயின என்று அறிந்த தென் மாவட்டத்துக்காரருக்கு அந்த விளக்கத்தின் அருமை சொல்லாமலே புரியும். மரியாதை உண்டு, பாத்தியதை கிடையாது. பதினாறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்தச் சிறு குறிப்பு இன்றைக்கும் ஒவ்வொரு முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்திலும் வாசிக்கத் தக்கது.

இலவசக் கல்வி நெடுங்காலம் தாக்குப்பிடிக்கவில்லை. ஐரோப்பாவில் பழைய நிதிகள் கரைந்துபோன பிறகு, 1833-ல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி கட்டணம் வாங்கச் சபைக்கு விலக்கு அளித்தார். இந்தியாவில் 1854-ஆம் ஆண்டு கல்வி அறிக்கை மானிய முறையைக் கொண்டுவந்தது. இன்றைய அரசு உதவிபெறும் பள்ளி அந்த முறையின் வாரிசு. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. கட்டடமும் கழிப்பறையும் ஆய்வகமும் பெரும்பாலும் நிர்வாகத்தின் தலையில். பழைய மாணவர்களின் பணம் நுழையும் இடைவெளி இதுதான்.

கொடையாளியின் பெயரைப் பொறிப்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. தாமிரபரணிக்கரையில் அப்படிச் சொல்பவருக்கு ஆற்றைக் கடக்கவே வழியிருக்காது. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் பாலம், கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டித்தந்தது, 1843-ல் திறக்கப்பட்டது. டோனாவூர், இங்கு வந்தே இராத ஒரு ஜெர்மானியப் பிரபுவின் பெயரைத் தாங்குகிறது. மிஷனரி ரேனியஸ் ஐயர் அந்தக் கிராமத்தை அமைக்கப் பணம் அனுப்பியவர் அவர். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியின் பெயருக்குரிய பெண்மணியும் இந்த மண்ணை மிதித்ததில்லை. இந்தப் பெயர்களால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பாலத்தில் போகிறவரை யார் என்று சுலோசன முதலியார் கேட்பதில்லை.

பெயர் எப்போது இடைஞ்சல் ஆகிறது என்பதற்கும் இதே மாவட்டத்தில் சாட்சி இருக்கிறது. ராதாபுரம் பக்கத்து வடக்கன்குளம் கத்தோலிக்கர்களின் பழைய ஊர். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் 1745-ல் திருமுழுக்குப் பெற்றது அங்கேதான். அதே ஊரில் 1872-ல் எழுந்த கோயில் இரண்டு நீண்ட கால்களாகப் பிரிந்து பீடத்தருகே ஒன்றுசேரும் அமைப்புடையது. பிள்ளைமாரும் முதலிமாரும் ஒரு பக்கம், நாடார்களும் மற்றவர்களும் மறுபக்கம், நடுவே சுவர். பலிபீடம் ஒன்றுதான், ஆனால் பக்கத்தில் நின்று ஜெபிப்பவர் முகம் தெரியாது. கால்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பெயர் வந்தது. அங்கே பங்குக் குருவாக இருந்த அதிரியான் கௌசானல் அடிகளாரின் காலத்தில், 1910-ல், சுவர் இடிக்கப்பட்டது. 1903-ல் இயேசுவின் திரு இருதய சகோதரர்கள் சபையைத் தொடங்கியவரும் அவரே. சுவர் தங்கள் உரிமை என்று ஒரு தரப்பு ஆயர் மீது வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

வழிபாட்டு இடத்தில் எனக்கென்று ஒரு பகுதி என்ற அந்த எண்ணமும், நான் கட்டிய வகுப்பறையில் யார் சேர வேண்டும் என்பதில் எனக்கும் ஒரு வார்த்தை உண்டு என்ற எண்ணமும் ஒரே வேரிலிருந்து கிளம்புபவை. அட்மிஷன் நேரத்தில் சிபாரிசுக் கடிதத்தோடு வரும் கொடையாளி இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் கெட்டவர் அல்லர்; தம் உறவுப் பிள்ளைக்காகத்தான் கேட்கிறார். ஆனால் அவர் பெறும் அந்த ஓர் இடம், சிபாரிசு செய்ய ஆளில்லாத ஒரு வீட்டுப் பிள்ளையின் இடம்.

1973 ஜூலை 31, இஞ்ஞாசியார் திருநாள். ஸ்பெயினின் வலென்சியா நகரில் சேசு சபைப் பள்ளிகளின் ஐரோப்பியப் பழைய மாணவர்கள் மாநாடு. பேச வந்தவர் சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே. 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது நகரின் விளிம்பில் இருந்த நவதுறவியர் இல்லத்தைக் காயம்பட்டவர்களுக்கான மருத்துவமனை ஆக்கியவர். விழாவில் எதிர்பார்க்கும் பாராட்டுரையை அவர் நிகழ்த்தவில்லை. நீதிக்காக வாழ உங்களைப் பழக்கினோமா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே இனிமேல் கல்வியின் நோக்கம் என்றார். வசதியான குடும்பங்களிலிருந்து வந்திருந்த பலருக்கு அந்தப் பேச்சு கசந்தது. ஆனால் உலகெங்கும் சேசு சபைப் பள்ளிகள் தங்களைப் பற்றிப் பேசும் மொழியே அன்றோடு மாறியது. பழைய மாணவர்களிடம் நிதி கேட்கக்கூடிய மேடையில் நின்றுகொண்டு, அவர்களுடைய வாழ்க்கையையே அவர் கேட்டார்.

நெல்லையில் இந்தக் கேள்வி மேடைப்பேச்சோடு நிற்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த பையன்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதி நிறக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. கயிற்றை ஆசிரியர் அறுத்துவிடலாம். ஆனால் பையன் அதைக் கட்டக் கற்றது வீட்டிலும் தெருவிலும் மூத்தவர்களைப் பார்த்துத்தான். அந்த மூத்தவர்களில் பலர் இதே பள்ளிகளின் பழைய மாணவர்கள். ஒரு செட் மாணவர்கள் சாதி பார்க்காமல் முப்பது வருட நட்பைக் காப்பாற்றி, அதை இன்றைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினால், எந்த ஸ்மார்ட் போர்டும் தராத பாடம் அது.

இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர்களிடம் கொடுப்பதற்கு ஒரு பழைய இலக்கணம் உண்டு: அசனம். புளியம்பட்டி அந்தோனியார் கோயில் போன்ற இடங்களில் நேர்ச்சையாக அரிசி வரும், ஆடு வரும், தேங்காய் வரும். எல்லாம் ஒரே சமையலுக்குப் போகும். அண்டாவில் கொதிக்கத் தொடங்கிவிட்டால், மூட்டையாகத் தந்தவர் அரிசி எது, ஒரு படி தந்தவர் அரிசி எது என்று யாராலும் பிரிக்க முடியாது. சோற்றுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே போகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்க்கிறார். கொடுத்தவரும் பந்தியில் ஓர் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். கடன், தருமம் என்ற இரண்டையும் தாண்டிய வேறொன்று எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

அசனத்தின் முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் பணம் போகும் இடமே மாறும். கல்வெட்டு வைக்க முடியாத செலவுகள் பள்ளியில் நிறைய. அரசுப் பணியிடம் கிடைக்காத வகுப்புக்கு நிர்வாகம் குறைந்த சம்பளத்தில் அமர்த்தும் ஆசிரியர். விடுதிப் பையனின் கண்ணாடி. அப்பா இறந்த வருடத்தில் நின்றுபோகவிருந்த பிள்ளையின் கட்டணம். இன்னொன்றும் உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்குக் கிடையாது. பீடி சுற்றும் அம்மாவின் மகள் அரசுப் பள்ளியில் படித்தால் ஒரு கதவு திறக்கிறது. உதவிபெறும் பள்ளியில் படித்தால் அது மூடியிருக்கிறது. அவளுக்கு நீட் பயிற்சிக்குப் பணம் கட்டினால் அதைப் பொறிக்க எந்தச் சுவரும் இல்லை. இடக்கைக்குத் தெரியாமல் வலக்கை கொடுக்கட்டும் என்று மலைப்பொழிவில் சொல்லப்பட்டது இத்தகைய செலவுகளுக்குத்தான் அப்படியே பொருந்துகிறது.

யாரைப் பழைய மாணவர் என்று கணக்கில் எடுப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. வாட்ஸ்அப் குழுவில் முதலில் சேர்வது டாக்டர், இன்ஜினியர், வெளிநாட்டுக்காரர். ஒன்பதாம் வகுப்பில் தவறி, பள்ளியை விட்டு, இன்று சமாதானபுரத்தில் ஆட்டோ ஓட்டுபவரின் எண் யாரிடமும் இருப்பதில்லை. ஆளுக்கு ஐயாயிரம் என்று தொகை வைத்த சந்திப்புக்கு அவர் வரவும் மாட்டார். எருசலேம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டி அருகே இயேசு உட்கார்ந்து கவனித்தபோது, எல்லாரையும்விட அதிகம் போட்டவள் என்று சீடர்களிடம் காட்டியது இரண்டு செப்புக்காசு போட்ட கைம்பெண்ணைத்தான். சந்திப்புக்குத் தொகை வைக்காமல் ஒரு பெட்டி மட்டும் வைக்கலாம்; யார் எவ்வளவு போட்டார் என்பது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பள்ளி அலுவலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் தேறியவர் பெயரும் தவறியவர் பெயரும் ஒரே மையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அடுத்த டிசம்பருக்கான அழைப்பை அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கலாம்.