பழிக்குப் பழி என்னும் பித்து



தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தோன்றியவர். அவர் இயற்றிய நாடகங்களுள் ஒன்று கோவலன் சரித்திரம். விடிய விடிய நடந்த அந்நாடகத்தில், சிலம்பைக் கையிலேந்தித் தலைவிரி கோலமாய்க் கண்ணகி வரும் காட்சிக்கென்றே விழித்திருந்தோர் பலர். அக்காலத்தே பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தை 'அமலாதித்யன்' என்னும் பெயரில் தமிழாக்கினார். அவருடைய 'மனோகரா'விலும் பித்துக்கொண்டவனாக வசந்தன் என்னும் பாத்திரம் உண்டு. துன்பியல் நாடகங்களில் மக்கள் உள்ளத்தைப் பெரிதும் பிணித்தவை பித்தும் பழியுமே.

மேடையில் பித்துக்கொண்டவர் ஒருவர், பழிகொள்பவர் மற்றொருவர். இவை இரு வேறு நோய்களா, ஒரே நோயின் இரு முகங்களா என்பதே இங்கு நாம் சிந்திக்க வேண்டியது.

பித்து என்பது யாது?

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் பொய்க்காட்சி உடையவனைப் பித்தனுக்கு ஒப்பிடுகிறார். உள்ளதையும் இல்லதையும் பகுத்தறியாது, தோன்றியவாறு கொள்வதே அவ்விருவர்க்கும் பொது இயல்பு. பித்தன் ஒரு வேளை தாயைத் தாய் என்றே அழைக்கக்கூடும். ஆயினும் அது அறிவாகாது. அடுத்த கணம் வேறொருத்தியையும் அவ்வாறே அழைப்பான். ஆகவே விரிந்த கூந்தலும் கிழிந்த உடையும் பித்தின் அடையாளம் அல்ல. வேறுபாடு காணும் ஆற்றல் அழிவதே பித்து.

இவ்விலக்கணத்தை உரைகல்லாகக் கொண்டு அமலாதித்யனின் மூலமாகிய ஹாம்லெட்டை நோக்குங்கள். தந்தையைக் கொன்ற சிற்றப்பனைப் பழிவாங்க எண்ணிய அவ்விளவரசன் பித்தனைப் போல் நடிக்கிறான். திரைக்குப் பின்னே மறைந்து நின்ற ஒருவனை, ஆள் யார் என்றும் பாராமல் வாளாற் குத்துகிறான். மாண்டவனோ தான் காதலித்த ஒபீலியாவின் தந்தை. அதனால் ஒபீலியா மெய்யாகவே பித்தேறி நீரில் மாள்கிறாள். அவள் அண்ணன் இப்போது பழிவாங்கும் மகனாகிறான். பழிகொள்ளப் புறப்பட்டவனே பிறர் பழிக்கு இலக்காயினான். கிரேக்கப் புலவர் சோபோகிளீஸின் ஏஜாக்ஸ் என்னும் வீரனோ, பகைவர் என மயங்கிக் கால்நடைகளை வெட்டிச் சாய்த்து, தெளிந்தபின் நாணித் தன் வாளின்மேல் வீழ்ந்து இறக்கிறான். பழி வெறிக்கு ஆளும் தெரியாது, ஆடும் தெரியாது.

கண்ணகி கேட்டது நீதி

இனி நம் சிலம்புக்கு வருவோம். அரசவையில் நின்ற கண்ணகியைப் பித்தி எனக் கருதுவது பிழை. அவள் சொல் தெளிவானது. கொணர்ந்த சான்று உறுதியானது. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள். கொற்கை முத்துக்குப் பேர்போன பாண்டி நாட்டில், முத்தா மாணிக்கமா என்னும் ஒரு வினாவே வழக்கைத் தீர்த்தது. சிலம்பு உடைந்தது, உண்மை வெளிப்பட்டது, தானே கள்வன் என்று உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் துறந்தான், கோப்பெருந்தேவியும் மாண்டாள். தீங்கிழைக்கப்பட்டவர் சான்றுடன் நீதி கேட்பதை ஜினதருமம் தடுப்பதில்லை. பொறுமை என்பது அநீதிக்கு அஞ்சி வாய்மூடுதல் ஆகாது.

நீதி அவ்விடத்தே நிறைவுற்றது. சினம் நிறைவுறவில்லை, மதுரை எரிந்தது. ஆயினும் அத்தீயினிடத்தும் கண்ணகி, அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீயோரையே சேர்க எனப் பணித்தாள். வேறுபாடு காணும் அறிவு அந்நிலையிலும் அவளிடம் முற்றும் அழியவில்லை.

அது முற்றும் அழிந்தது கொற்கையில். இன்று கடல் விலகிப்போய்ச் சிற்றூராய்க் கிடக்கும் கொற்கை, அன்று பாண்டியரின் முத்துத்துறை. அங்கிருந்து ஆண்ட வெற்றிவேற் செழியன், நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியது கண்டு, கண்ணகிக்குச் சாந்தி செய்வதாகப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான். சிலம்பைக் களவாடியவன் ஒரு பொற்கொல்லன், மாண்டவர் ஆயிரவர். அவர்கள் செய்த குற்றம் அவன் தொழிலைச் செய்தது ஒன்றே. பின்னர் மழை பெய்ததென்று நூல் கூறும். அருக நெறியில் நிற்போர் அதனை உயிர்ப்பலியின் பயன் எனக் கொள்ளார்.

சற்றே எண்ணிப் பாருங்கள். கண்ணீரும் புழுதியுமாய் நின்ற பெண்ணைப் பித்தி என்போம். முடிசூடி, முறைப்படி வேள்வி அமைத்து ஆயிரம் உயிரைக் கொன்றவனை அரசன் என்போம். உமாசுவாமியின் இலக்கணப்படி பித்தர் யார்?

சங்கிலியின் கண்ணிகள்

மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைத்த முற்பிறப்புக் கதையை நாம் அறிவோம். கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்பவன், விரதத்திலிருந்து வழுவியவனாய், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பொய்யாகக் காட்டிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, இத்துயர் செய்தோரும் இதனையே அடைக எனச் சபித்து, மலைமீதேறி வீழ்ந்தாள். அப்பரதனே கோவலன். நீலியின் துயரத்திலிருந்து கோவலன் கொலை, கண்ணகியின் சினம், மதுரையின் தீ, கொற்கைப் பலி என ஒவ்வொரு கண்ணியும் தன்னையே இறுதிக் கணக்கு என்று எண்ணியது. எதுவும் இறுதியாகவில்லை.

சங்கிலியை அறுத்தவரும் அக்காப்பியத்திலேயே உளர். வழியில் இழிமொழி பேசிய இருவரைக் கவுந்தியடிகள் நரிகளாகச் சபித்தபோது, அவர்க்காக இரந்தவர் யார்? இகழப்பட்ட கோவலனும் கண்ணகியுமே. அவர்கள் வேண்டியதற்கிணங்கி அடிகள் அச்சாபத்துக்கு ஓராண்டு எல்லை வகுத்தார். வஞ்சிக் காண்டத்தில் தெய்வ வடிவில் தோன்றும் கண்ணகி, பாண்டியன் தீதற்றவன் என்றும், தான் அவனுடைய மகள் என்றும் கூறுகிறாள். கணவனைக் கொல்வித்தவனைத் தந்தை என்கிறாள்! அவள் பெயரால் ஆயிரவரைக் கொன்றனர். அவளோ பகையைக் கைவிட்டாள். மேடையில் பெரும்பாலும் மதுரை எரிவதோடு திரை விழுந்துவிடுகிறது. இளங்கோவடிகள் அங்கே முடிக்கவில்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

நம் இல்லங்களில்

வாளேந்துவோர் நம்மிடையே இல்லை. ஆயினும் பாகப் பிரிவினையில் மனமுறிந்து ஒரே தெருவில் பேசாதிருக்கும் உடன்பிறந்தார் இல்லையா? திருமணத்திற்கு அழைக்கவில்லை என்ற குறையை மக்களுக்கும் பேரர்க்கும் விட்டுச் செல்வோர் இல்லையா? அப்பிள்ளைகள் என்ன தவறு செய்தனர்? ஒருவன் பிழைக்காக ஆயிரவரைத் தண்டித்த கொற்கையின் கணக்கு நம் வீட்டிலும் எழுதப்படுகிறது.

குரோதத்தை நம் ஆசாரியர்கள் நான்காக வகுத்தனர். நீரில் இட்ட கோடு போல்வது, கணப்பொழுதில் மறையும். மணலில் இட்ட கோடு போல்வது, பதினைந்து நாளுக்குள் மறையும். நிலத்தின் பிளவு போல்வது, ஆறு திங்களுக்குள் மறையும். கல்லில் வெட்டிய கோடு போல்வது அனந்தானுபந்தி. ஆறு திங்களையும் கடந்து நின்று, நற்காட்சியையே மறைப்பது. நம் மனத்தாங்கல் எத்தனை திங்களாக நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பது ஒவ்வொரு சிராவகரின், சிராவகியரின் கடமை.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள கழுகுமலைக்குச் சென்று வாருங்கள். பாண்டியர் காலத்துத் தீர்த்தங்கரர் திருமேனிகளிடையே பார்சுவநாதரையும், அவர்மீது பாறையைத் தூக்கி எறிய முனையும் கமடனையும் காணலாம். இவர்கள் முதற்பிறப்பில் உடன்பிறந்தார். தவறிழைத்தவன் கமடன், அவனிடமே சென்று பொறுத்தருள வேண்டியவர் தம்பி மருபூதி. அப்போதும் கமடன் கல்லைப் போட்டுக் கொன்றான். பிறவிகள் பல கடந்தும் அவன் கையினின்று கல் இறங்கவில்லை. மருபூதியின் உயிரோ பொறுமையில் முதிர்ந்து தீர்த்தங்கரராயிற்று. இறுதியில் கமடனும் வணங்கினான். அவனை வென்றது எதிர்க்கல் அன்று.

தசலட்சண தருமங்களுள் உத்தம க்ஷமை முதலாவதாக வைக்கப்பட்டதன் காரணம் இதுவே. அந்நாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டா. பேச்சற்றுப்போன உறவினர் இல்லத்திற்கு இவ்வாரமே செல்லுங்கள். யார் பிழை என்று ஆராய்வதைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். "பொறுத்தருள்க" என்னும் ஒரு சொல்லை முதலில் நீங்கள் கூறுங்கள். உடன் உங்கள் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பகை அவர்கள் கைக்குப் போகாதிருக்க அதுவே வழி.

அறம் வளர்க! ஜினதருமம் வாழ்க!