உரோமத்தோலும் ஓய்வு நாளும்

துன்பம் மனிதனைக் கனியச் செய்யுமா, இறுகச் செய்யுமா? பட்டவனுக்கே பிறர் பாடு தெரியும் என்பது நம் வழக்கு. ஆயினும், பட்டுத் தேறி மேலேறிய சிலர் தமக்குப் பின்வருவோரின் தோள்மீதே கால்வைத்து ஏறுவதையும் காண்கிறோம். இவ்வினாவுக்கு விடை தேடி நியூயார்க் நகரின் பழைய உரோமத்தோல் பட்டறைகளுக்குள் சற்று நுழைந்து பார்ப்போம்.

1881-இல் இரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டபின், அந்நாட்டு யூதர்கள்மீது வன்முறை அலையென எழுந்தது. அன்று தொடங்கி, குடியேற்றத்தை இறுக்கிய 1924-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 இலட்சம் யூதர்கள் அமெரிக்கக் கரையை அடைந்தனர். வாழும் இடத்திற்கு எல்லையும் நிலம் வாங்கத் தடையும் விதிக்கப்பட்டிருந்த அம்மக்களுக்கு ஊசியும் கத்தியும் சிறு வணிகமுமே பிழைப்பாய் இருந்தன. புதிய நாட்டிலும் அவையே கைகொடுத்தன.

குளிர்நாட்டுச் செல்வர் அணியும் உரோமத்தோல் மேலங்கி பலர் கைபட்டே உருவாகும். தோலின் நிறமும் மயிரின் போக்கும் பார்த்து வெட்டுபவர் ஒருவர். துண்டுகளைப் பொறியில் இணைத்துத் தைப்பவர் மற்றொருவர். ஈரத்தோலைப் பலகையில் இழுத்து ஆணியடித்து வடிவம் தருபவர் வேறொருவர். உள்துணி வைத்து முடிப்பவர் இன்னொருவர். உதிர்ந்த மயிரும் சாயத்தூசியும் அவர்தம் மூச்சில் கலந்தன. பருவம் வந்தால் இரவு பகலாய் உழைப்பு. பருவம் கழிந்தால் பல வாரங்கள் வெறுங்கை.

பட்டறை தொடங்கப் பெருமுதல் தேவைப்படவில்லை. வாடகை அறை, சில மேசைகள், கடனுக்கு வாங்கிய தோல் ஆகியவை போதும். எனவே நேற்றைய தொழிலாளி இன்று முதலாளி ஆவது இயன்றது. இருவரும் பெரும்பாலும் யூதர். இருவர் வீட்டிலும் இத்திஷ் மொழியே பேசப்பட்டது. ஆனால் வாரத்தில் ஆறு நாள் வேலை என்ற நிலையில், சனிக்கிழமை ஓய்வு நாளைக் கடைப்பிடிப்பவன் வேலையை இழக்க நேர்ந்தது. மூதாதையர் வன்முறைக்கு நடுவிலும் காத்துவந்த ஓய்வு நாளைச் சுதந்திர நாட்டில் கைவிட வேண்டியதாயிற்று. கிறித்தவப் பெரும்பான்மையினர் இயற்றிய ஞாயிறு அடைப்புச் சட்டங்களுக்கும் இதில் பங்குண்டு என்பதை நாம் மறைத்தலாகாது. முதலாளியும் அச்சமின்றி வாழவில்லை. போட்டியில் ஒரு பருவம் தவறினால் அவர் மீண்டும் வெட்டுமேசைக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

1926 பெப்ருவரியில் இத்தொழிலில் பெரும் போராட்டம் மூண்டது. ஏறத்தாழ 12,000 தொழிலாளர் 17 வாரங்கள் உறுதியாய் நின்றனர். யூதரோடு கிரேக்கரும் பிறரும் கைகோத்தனர். காவலரின் தடியடியையும் சிறையையும் ஏற்றனர். மேலிருந்து வந்த சமரசத்தை ஏற்க மறுத்தனர். தலைமை தாங்கிய பென் கோல்டு பெசரேபியாவில் பிறந்து இளமையில் குடியேறியவர், பொதுவுடைமைக் கொள்கையினர். சூன் மாதத்தில் வாரத்திற்கு ஐந்து நாள், 40 மணி நேரம் என்ற உடன்பாடு கிட்டியது. பல தொழில்களுக்கும் பொதுவான வேலைநேரச் சட்டத்தை அந்நாடு 1938-இல்தான் இயற்றியது. கட்டளையை வாயால் ஓதியவர்கள் காக்க இயலாத சனிக்கிழமையை, பொதுவுடைமையர் ஒருவரின் தலைமையில் எளிய தொழிலாளர் மீட்டனர். இறைவன் தம் பணிக்கு யாரைப் பயன்படுத்துவார் என்று வரையறுக்க நாம் யார்?

ஓய்வு நாள் கட்டளையை மறைநூல் இருமுறை தருகிறது. விடுதலைப் பயண நூல் அதற்குப் படைப்பைக் காரணமாகக் காட்டுகிறது. இணைச்சட்ட நூலோ, நீ எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைத்துக்கொள் என்கிறது. உன் பணியாளரும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. அப்படியாயின் ஓய்வு நாள் தலைவன் தன் வழிபாட்டிற்கென ஒதுக்கும் நாள் மட்டுமன்று; அவனுக்காக உழைப்பவனின் உரிமையுமாகும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இங்கே விடை காண்கிறோம். பட்ட துன்பம் தானாகவே இரக்கமாய் மாறிவிடுவதில்லை. தானாக மாறுமாயின், நினைத்துக்கொள் என்று கட்டளையிடத் தேவையே இராதன்றோ? மறதி வசதியின் உடன்பிறப்பு. இதனை யூதருக்கே உரிய குறையாகக் கருதுவது பெரும் அநீதி. அக்கட்டளையை உலகிற்குத் தந்தவர்களும் அவர்களே. பட்டறை வாசலில் அதற்காக அடிபட்டவர்களுள் பெரும்பாலோரும் அவர்களே.

நாமும் வறுமையிலிருந்து மேலேறியவர்கள்தாம். அல்லது அவ்வாறு ஏறியவர்களின் மக்கள். ஞாயிறு திருப்பலிக்கு நாம் புறப்படும்போது, நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கும் நம் கடையில் நிற்கும் இளைஞனுக்கும் அந்த நாள் ஓய்வு நாளாய் இருக்கிறதா என எண்ணிப் பார்ப்போம்.