உளதும் உளரும்

யப்பானிய மொழியில் 'உண்டு' என்பதற்கு ஒரு வினை போதாது. கல்லுக்கும் நூலுக்கும் 'அரு'. மனிதனுக்கும் நாய்க்கும் மீனுக்கும் 'இரு'. நம் இலக்கணம் விலங்கை அஃறிணைக்குத் தள்ளிற்று. அவர்கள் வழக்கோ அதனை மனிதனோடு நிறுத்துகின்றது. மரம் உயிருள்ளதாயினும் அதற்கு 'அரு'வே, பிணத்துக்கும் அவ்வாறே. ஆயின் சாரதியோடு காத்துநிற்கும் வாடகைக் காருக்கு 'இரு' சொல்வதுண்டு. இயந்திரத்துள் அமர்ந்திருக்கும் உழைப்பாளியை அவ்வினை மறக்கவில்லை! தானே இயங்கவல்லதாக எதனைக் காண்கிறோம் என்பதே இங்கு அளவுகோல்.

இப்பாகுபாடு ஆதியில் இருந்ததன்று. பழங்கதைகளில் மனிதருக்கும் 'அரு'வின் முன்வடிவமான 'அரி'யே வழங்கிற்று. 'இரு'வின் பழம்பொருள் அமர்தல். நம் 'இரு'வுக்கும் அப்பொருள் உண்டு. தமிழ்-யப்பானிய உறவை வலியுறுத்தியவர் ஓனோ சுசுமு. மொழியியலாளர் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. இவ்வொற்றுமையை நாமும் சான்றாகக் கொள்ளோம்.

நம்மை உறுத்துவது வேறொன்று. 'எனக்குப் பிள்ளைகள் உண்டு' என்னும்போது 'அரு' சொல்லும் வழக்கும் அங்குள்ளது. உடைமையாக எண்ணிய கணத்தில், ஓடி விளையாடும் குழந்தையும் நிலத்தோடும் வீட்டோடும் ஒரே வினைக்குள் அடங்கிவிடுகிறது. தந்தையின் அன்பு குறைந்ததென்று இதற்குப் பொருளன்று. குடும்பம் சொத்தாக எண்ணப்பட்டதன் சுவடோ என்று நாம் ஐயுறுகிறோம். இளையோர் பெரும்பாலும் அவ்விடத்தும் 'இரு' என்றே சொல்கின்றனர்.