திறந்து கிடந்ததால் எடுத்தோம்

2016 மே மாதம் டென்மார்க் ஆய்வாளர்கள் சிலர், ‘ஓகேகியூபிட்’ என்னும் துணைதேடும் தளத்தில் கணக்கு வைத்திருந்த ஏறத்தாழ 70,000 பேரின் விவரங்களை, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வெளியிட்டார்கள். தானியங்கி நிரல் ஒன்று பக்கம் பக்கமாகப் புரட்டி அள்ளிவந்தவை அவை. வயது, ஊர், மதம், பாலுறவு விருப்பம், போதைப் பழக்கம் பற்றிய பதில்கள் எல்லாம் பயனர்பெயரோடு சேர்ந்தே இருந்தன. அடையாளத்தை மறைத்தீர்களா என்று கேட்டவர்களுக்கு, இது ஏற்கெனவே பொதுவில் இருக்கும் தரவுதானே என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. தெருவில் நடப்பதைப் பார்த்து எழுதும் சமூகவியலாளர் போவோர் வருவோரிடமெல்லாம் கையெழுத்து வாங்குவதில்லை. ஆனால் டீக்கடைப் பேச்சு காதில் விழுவது வேறு. ஊரிலுள்ள அத்தனை டீக்கடைப் பேச்சையும் ஆள்வாரியாக எழுதி அச்சிட்டு விநியோகிப்பது வேறு. துணை தேடி ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னது, துணை தேடும் இன்னொருவருக்காக. அதை மேலாளரும் மாமனாரும் தேடிப் பார்க்கக்கூடிய அட்டவணையாக மாற்றும்போது, சொன்னவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத ஒன்று நடந்துவிடுகிறது.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பாரும் உண்டு. 2006இல் ஏஓஎல் நிறுவனம் சுமார் 6,50,000 பேரின் தேடல் பதிவுகளை, பெயருக்குப் பதில் எண் இட்டு, ஆய்வாளர்களுக்கென்று வெளியிட்டது. நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் சில நாட்களிலேயே ஓர் எண்ணுக்குரிய மூதாட்டியின் வீட்டைக் கண்டுபிடித்துப் போய்விட்டார்கள். அவர் தேடிய சொற்களே அவரைக் காட்டிக்கொடுத்தன.

ஓகேகியூபிட் தரவு பிறகு நீக்கப்பட்டது. எப்படி? தளத்தை நடத்திய நிறுவனம் பதிப்புரிமைப் புகார் கொடுத்தது. அந்தரங்கம் பறிபோன 70,000 பேரின் பெயரால் அல்ல, நிறுவனத்தின் உடைமை என்ற பெயரால்தான் அது அகற்றப்பட்டது. தளத்தின் விதிகளை மீறுவதையும் மனிதருக்குத் தீங்கு செய்வதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் வினை இது.

இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு எதிர்த்திசையிலும் சான்று உண்டு. வேலைவாய்ப்புத் தளங்கள் இனம், பாலினம் பார்த்துப் பாகுபாடு காட்டுகின்றனவா என்று சோதிக்க விரும்பிய அமெரிக்க ஆய்வாளர்கள், போலிக் கணக்குகள் தொடங்கவேண்டியிருந்தது. தளங்களின் விதிகள் அதைத் தடுத்தன. விதியை மீறினால் கணினிக் குற்றச் சட்டம் பாயக்கூடும் என்பதால் அவர்கள் அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். அப்படி விதியை மீறுவது கணினிக் குற்றம் ஆகாது என்று 2020இல் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. நிறுவனம் சம்மதிக்கும்வரை காத்திருந்தால் அந்த ஆய்வு ஒருகாலும் நடக்காது. தணிக்கை செய்யப்படுபவரிடமே தணிக்கைக்கு அனுமதி கேட்பது என்ன நியாயம்?

ஆக, நிரல் யாரை நோக்கித் திருப்பப்படுகிறது என்பதுதான் முதல் கேள்வி. வலியவரின் நடத்தையை அளக்கும் நிரலுக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம். தனிமனிதரின் வாழ்க்கையை அள்ளும் நிரலுக்கு அந்தச் சலுகை கூடாது. ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க முடியாதுதான். ஆனால் தேவைக்கு மேல் எடுக்காமல் இருக்க முடியும். மூலத்தரவைப் பூட்டிவைத்து முடிவுகளை மட்டும் வெளியிட முடியும். தரவை முழுதாகத் திறந்து வைப்பதே நல்ல அறிவியல் என்ற வாதம் விண்மீன் படங்களுக்குச் செல்லும், மனிதருக்குச் செல்லாது.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமாகவே பொதுவில் வைத்த விவரங்களைத் தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கிறது. சட்டம் விட்ட அந்த இடத்தில் காவலுக்கு நிற்கவேண்டியவை பல்கலைக்கழகங்களின் அறநெறிக் குழுக்கள்தாம். ‘பொதுத்தரவு’ என்று எழுதியிருந்தாலே கையெழுத்துப் போடும் வழக்கத்தை அவை கைவிட வேண்டும்.