உன் பெயருக்கு வந்த கடிதத்தை நீயே பிரி

பிரதேச செயலகத்திலிருந்து மண்ணிற உறையில் ஒரு கடிதம் வருகிறது. மேலே உன் பெயர்தான் இருக்கிறது. அதைப் பிரிக்க உனக்கு ஏன் கை எழுவதில்லை? "ஜீ.எஸ். ஐயாட்டக் காட்டிக் கேட்பம்" என்று கிராம சேவகரைச் சொல்கிறார் அப்பா. "மாமாவுக்குக் கந்தோரில ஆள் இருக்கு" என்கிறார் அம்மா. உயர்தரத்தில் மூன்று பாடமும் ஏ எடுத்த பிள்ளை வீட்டுக்குள் இருக்க, யாரோ ஒரு தரகர் காசு வாங்கிக்கொண்டு அந்தக் கடிதத்துக்குப் பொருள் சொல்லிவிட்டுப் போகிறார். தம்பி, தங்கச்சி, இதைவிட அவமானம் வேறு வேண்டுமா?

இந்தப் பயம் உனக்குச் சொந்தமானதில்லை. உன் பூட்டன் காலத்துப் பயம். காணி உறுதியோடு சேர்ந்து கைமாறி உன்னிடம் வந்திருக்கிறது. காணியை வைத்துக்கொள். பயத்தை எறி.

பூட்டனுக்குப் பயப்படக் காரணம் இருந்தது. 1905 ஆம் ஆண்டில் உன் ஊரான மானிப்பாயில் பதினெட்டு வயது நிரம்பிய ஒருவனை நினைத்துப் பார். யாழ்ப்பாணக் கச்சேரியில் வடமாகாணத்தின் அரசாங்க அதிபர் இருக்கிறார், வெள்ளைக்காரர். அவருக்குக் கீழே வலிகாமம் மேற்கு மணியகாரர். மணியகாரருக்குக் கீழே உடையார். எல்லோருக்கும் கீழே, ஆனால் உன் படலைக்கு மிகக் கிட்ட, விதானையார். 1848 இல் கொண்டுவந்த வீதிச் சட்டத்தின் வழியாக வந்த கடமை ஒன்று அவன் தலையில் ஏறுகிறது: 18 வயதிலிருந்து 55 வயதுவரை ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் தெரு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதற்கீடான காசைக் கட்ட வேண்டும். சட்டத்தை எழுதிய சபையில் அவன் தெரிவுசெய்து அனுப்பிய ஒருவர்கூட இல்லை. சட்ட சபைக்கு இலங்கையர் ஒருவரை வாக்களித்து அனுப்பும் வழியே 1911 இல்தான் திறந்தது. அதுவும் "படித்த இலங்கையர்" என்று தீவு முழுவதற்கும் ஒரேயோர் ஆசனம், படித்த ஒரு சிலருக்கு மட்டும் வாக்கு. அந்த ஆசனத்தை வென்றவர் பொன்னம்பலம் இராமநாதன். அவருடைய குடும்பத்தின் வேர் இதே மானிப்பாயில்தான்.

வாக்கில்லை, பதவியில்லை, கட்டளை ஆங்கிலத்தில். அப்படிப்பட்டவன் விதானையாரைக் கண்டு சால்வையை இடுப்பில் இறக்கிக் கட்டினான் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. உனக்கு என்ன நியாயம் இருக்கிறது?

ஆனால் அந்தக் காலத்திலும் எல்லோரும் குனிந்து நிற்கவில்லை. லெனார்ட் வுல்ஃப் என்ற இளம் ஆங்கில அதிகாரி 1905 இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வந்தார். வேகமான ஆள், கொஞ்சம் கடுமையான ஆளுந்தான். கந்தோருக்கு வருகிற கடிதத்துக்கு வந்த அன்றே பதில் போக வேண்டும் என்று விதி வைத்து எழுதுவினைஞர்களின் நித்திரையைக் கெடுத்தவர். (அந்த விதி இன்று எந்தெந்தக் கந்தோர்களுக்கு வேண்டும் என்று ஒரு பட்டியல் என்னிடம் இருக்கிறது. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.) ஒரு நாள் அவர் அரசாங்க அதிபரோடு யாழ்ப்பாணம் பிரதான வீதியில் குதிரையில் போனார். வீதியோரக் கட்டடம் ஒன்றைக் காட்டிப் பேசுவதற்காகக் குதிரையைத் திருப்பிச் சாட்டையை நீட்டினார். கொஞ்ச நாளில் கச்சேரிக்கு முறைப்பாடு ஒன்று வந்தது. யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் எழுதியிருந்தது: வுல்ஃப் துரை குதிரையில் போனபோது ஊரறிந்த வழக்கறிஞர் ஒருவரின் முகத்தில் சாட்டையால் அடித்துவிட்டார்.

தான் அடிக்கவில்லை, அந்த மனிதரை அன்று கண்டதே இல்லை என்று வுல்ஃப் விளக்கம் எழுதினார். கதை அதோடு முடிந்திருந்தால் அதை உனக்குச் சொல்ல வேண்டிய தேவை எனக்கில்லை. பல பத்து வருடங்களுக்குப் பிறகு, 1961 இல் வெளிவந்த தன் சுயசரிதையில் அவர் அந்த முறைப்பாட்டைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார். சாட்டை அடி நடக்கவில்லை. ஆனாலும் அவர்களுடைய ஊரின் பெருந்தெருவில் நான் குதிரைமேல் அகங்காரத்தோடு இருந்ததே முகத்தில் அறைந்ததற்குச் சமந்தான் என்ற பொருள்பட எழுதுகிறார். ஏகாதிபத்தியத்தின் மீது அவருக்கு வந்த சந்தேகத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

பார்த்தாயா? அந்தப் பெட்டிசத்தில் சொன்ன சம்பவம் பிழை. இல்லாததை எழுதாதே என்பதற்கும் இதுவே பாடம். ஆனால் உன் அதிகாரத்தைக் கண்டு நாங்கள் பேசாமல் இருக்க மாட்டோம் என்று அந்தக் கடிதம் சொன்ன சேதி ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் நெஞ்சில் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்து உறுத்தியது. துவக்கில்லை, கல்லெறி இல்லை. கடதாசி, மை, கையொப்பம். அவ்வளவுதான்.

இன்னொருவரையும் பார். இராமநாதனின் தம்பி அருணாசலம். இலங்கை குடியியற் சேவைக்குத் திறந்த போட்டிப் பரீட்சை எழுதி உள்ளே போன முதல் இலங்கையர், 1875 இல். தோல் வெள்ளையாக இருந்தால் மட்டுமே போகலாம் என்று பலரும் நினைத்திருந்த கதவை அவர் பரீட்சைத் தாளால் தள்ளித் திறந்தார். பதிவாளர் நாயகமாக இருந்து, சனங்களின் காணியும் பிறப்பும் இறப்பும் பதிகிற அந்தத் திணைக்களத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தி எழுதிய அறிக்கையை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். இத்தனைக்கும் மாகாணம் ஒன்றை ஆளும் அதிபர் நாற்காலி அவருக்குக் கிடைக்கவேயில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டு ஓய்வூதியத்தோடு வீட்டில் இருந்தாரா? 1913 இல் சேவையை விட்டார். 1917 ஏப்ரலில் நாட்டின் அரசியல் தேவைகளைப் பற்றி மேடையேறிப் பேசினார். 1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். கட்டளை எப்படி எழுதப்படுகிறது என்பதை உள்ளே இருந்து கற்றுக்கொண்டு, வெளியே வந்து அதே கட்டளைகளைக் கேள்வி கேட்டார்.

அவருக்கு கேம்பிரிட்ஜ் இருந்தது, எனக்கு என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். இந்தச் சாட்டு எனக்குத் தெரியும். மானிப்பாயில் பிறந்தவர் வாயிலிருந்து இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது.

அமெரிக்க மிசனின் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848 இல் உன் ஊரில் வந்து இருந்து மருத்துவம் படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்துக்கு வைத்தியர் மிஞ்சுவதில்லை என்று கண்டபோது அவர் என்ன செய்தார்? தமிழுக்கு மாறினார். மாணவர்களோடு இருந்து, உடற்கூறு, இரண வைத்தியம், பிள்ளைப்பேறு என்று ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். 1860களில் தமிழிலேயே வகுப்பு நடத்தினார். 1873 இல் அவர் ஊருக்குத் திரும்புமுன் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை வைத்தியர்களாக்கினார். கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அங்கே நிற்கிறது. நீ காய்ச்சலுக்கு அதைத் தாண்டித்தான் போகிறாய்.

மனிதக் காலில் எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்பதைத் தமிழில் படித்து, தமிழில் எழுதி, கத்தியெடுத்து அறுத்துத் தைத்த ஊர் இது! அந்த ஊரில் பிறந்துவிட்டு, ஒன்றரைப் பக்கச் சுற்றறிக்கை விளங்கவில்லை என்று சொல்ல உனக்கு வெட்கமாக இல்லையா?

ஊர் நிர்வாகமும் தானாகக் கனிந்து மடியில் விழவில்லை. 1871 இல் வெள்ளைக்காரன் கிராமச் சபைகளுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தான். வேலி, கிணறு, கட்டாக்காலி மாடு, ஊர்ப்பாதை போன்றவற்றுக்கு ஊரே விதி செய்யலாம் என்றது சட்டம். ஆனால் கடிவாளம் அதிகாரிகளின் கையில்தான் இருந்தது. ஊர் செய்த விதிக்கும் மேலே அங்கீகாரம் வேண்டும். 1906 இல் யாழ்ப்பாண நகரத்துக்கு உள்ளூர்ச் சபை. 1920 இல் நகர மாவட்ட சபைகளுக்கான சட்டம். 1924 இல் 9 ஆம் இலக்கக் கிராமச் சபைச் சட்டம் வந்தபோதுதான் உத்தியோகத்தர் அல்லாத ஒருவரை ஊரே தலைவராகத் தெரிவுசெய்ய வழி பிறந்தது. ஒவ்வொரு படிக்கும் பின்னால் கூட்டங்கள், தீர்மானங்கள், மனுக்கள், பத்திரிகைக் கட்டுரைகள். மணியகாரர் பதவி 1940களில் போயிற்று. விதானையார் 1963 இல் போனார், கிராம சேவகர் வந்தார். அந்த வரிசையின் கடைசியில்தான் உன் பிரதேச சபை இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மனு எழுதத் தெரிந்த யாழ்ப்பாணம் அந்தக் கெட்டித்தனத்தை எப்போதும் நல்லதற்குப் பாவிக்கவில்லை. அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்று 1930 அளவில் கட்டளை வந்தபோது, அதை நிறுத்தச் சொல்லியும் பெட்டிசம் போனது. பள்ளிக்கூடங்களுக்குத் தீயும் வைத்தார்கள். 21 வயதுக்கு மேற்பட்ட எல்லா ஆணுக்கும் 30 வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பெண்ணுக்கும் வாக்கு என்று டொனமூர் ஆணைக்குழு சொன்னபோது, நான் மேலே பெருமையாகச் சொன்ன இராமநாதனே எதிர்த்தார். சாதியைச் சொல்லி வகுப்பில் நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரும் பிறகு சங்கம் கூடி எழுதினார்கள், கேட்டார்கள், வாங்கிலும் ஏறினார்கள். என் கணக்கில் யாழ்ப்பாணத்திலேயே மிகப் பெரிய தன்னம்பிக்கை அவர்களுடையது. மேலே இருப்பவனிடம் பறித்ததைக் கீழே இருப்பவனுக்குக் கொடுக்க மறுப்பவனுக்குத் தன்னம்பிக்கை என்ற சொல்லை நான் தரமாட்டேன். அது வெறும் திமிர்.

இப்போது உன்னிடம் வருவோம். பூட்டனிடம் இல்லாத எத்தனை உன் கையில் இருக்கிறது தெரியுமா? வாக்கு இருக்கிறது. 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. உன் மாகாணத்தின் நிர்வாக மொழியும் அதுவே. எல்லாவற்றுக்கும் மேலாக, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி முதல் அமுலில் இருக்கிறது. நீ ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது அந்தச் சட்டம். வுல்ஃப் காலத்துக் கச்சேரியில் இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இன்று சட்டமே சொல்கிறது, நீ கேட்காமல் இருக்கிறாய்!

உங்கள் ஒழுங்கையில் மாரிக்கு முழங்கால் வெள்ளம் நிற்கிறதா? முகநூலில் படம் போட்டு மூன்று கோபக் குறி வாங்கி என்ன கண்டாய்? ஒரு தாளை எடு. "எங்கள் ஒழுங்கையின் வெள்ள வாய்க்காலை ஏன் கட்டவில்லை?" என்று எழுதாதே. ஏன் என்று கேட்டால் கதை சொல்வார்கள். இப்படிக் கேள்: இந்த வாய்க்காலுக்கு எந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது? சபையின் எந்தத் திகதிக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது? ஒப்பந்தம் யாருக்குப் போனது? மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி ஒன்று தருக. நாலு வரி. ஒவ்வொன்றுக்கும் பதில் ஒரு கோப்பில் கிடக்கிறது. பெயர், விலாசம், திகதி, கையொப்பம் போடு. உன் கையில் ஒரு பிரதி வைத்துக்கொள்.

வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபை மானிப்பாயில்தான் இருக்கிறது, சைக்கிளில் போகலாம். தகவல் அலுவலர் யார் என்று கேள். யாராவது "என்ன தம்பி, யார் அனுப்பினது?" என்று முகத்தைப் பார்ப்பார்கள். "நானேதான் வந்தனான்" என்று சொல். குரலை உயர்த்தாதே, தாழ்த்தவும் செய்யாதே. கடிதத்தை ஏற்றுக்கொண்டதற்கு எழுத்தில் சான்று வாங்காமல் படியிறங்காதே. தனியே போகத் தயக்கமாக இருந்தால் நாலு பேராகப் போங்கள், அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு.

தருவதா மறுப்பதா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவுசெய்ய வேண்டும். மறுத்தால், அல்லது வாய் திறக்காமல் இருந்தால், பதினான்கு நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு எழுது. அவரும் மசியவில்லையா? இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் இருக்கும் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுது. அங்கேயும் தமிழிலேயே எழுது.